சிமெண்ட் ஷீட்டுக் கூரை ஒழுகுது: போல்ட் வரிசை மேல நடந்தா போதும்ங்கறாங்க, நம்பலாமா?

பாவுநூல், பல்லடம் பக்கம்
24 செப்டம்பர் 2023, இரவு 9.40

வணக்கமுங்க. எங்களுக்கு 8 தறி, கூலிக்கு ஓட்டறோம், காடாத் துணி. குடோன் எங்கப்பா 1996ல கட்டினது. மேல பூராவும் சிமெண்ட் ஷீட்டு, வெளிச்சத்துக்குன்னு அங்கங்க ஃபைபர் ஷீட்டு. ஓரத்துல 14 அடி, முகட்டுல 18 அடி இருக்கும். போன வாரம் பெஞ்ச மழைல மூணாந்தறிக்கும் ஏழாந்தறிக்கும் மேல ஒழுக்கு. ஏழாந்தறில பாவு (நீளவாக்குல பூட்டற நூல்) நனைஞ்சு, ஒரு நாள் பூரா இழை அந்துட்டே இருந்துச்சு. ஐப்பசி அடைமழைக்குள்ள அடைச்சாகோணும்.

எப்பவும் வர்ற அண்ணனுக்கு இப்ப 57 வயசு. ஏணியச் சாத்தி, வெறுங்காலோட ஏறி, தாரும் சாக்குத்துணியும் வெச்சு ஒட்டிட்டு, அம்மா டீ போட்டு முடிக்கறதுக்குள்ள எறங்கிருவாரு. கூலி 800 ரூபா. போன வருசம் வரைக்கும் நானும் கீழ நின்னுட்டு "அண்ணா, இன்னுங் கொஞ்சம் மேக்கால"ன்னு கை காட்டிட்டு இருந்தவன்தான்.

இந்த வருசம் அந்த வாய் வரலைங்க. சித்திரைல எங்க மாமன் பையன், காத்து தூக்கின ஷீட்டுக்குக் கல்லு வெக்கறேன்னு கோழிப்பண்ணைக் கூரை மேல ஏறினான். நான் பண்ணை வாசல்ல வண்டிய நிறுத்திட்டு நிக்கறேன். படார்னு ஒரே சத்தம். அவன் கத்தக்கூட இல்லை. உள்ள ஓடிப் பாத்தா கூரைல ஆள் அளவுக்கு ஓட்டை, அது வழியா வெயில் நேரா அவன் மேல விழுது. இடுப்பெலும்பும் இடது மணிக்கட்டும் போச்சு. எரு மேல விழுந்ததால உசுரு பொழச்சான். எங்க குடோன்ல கீழ எரு இல்லைங்க, தறிதான் இருக்குது.

பக்கத்துக் குடோன்காரரு "போல்ட் வரிசை மேலயே கால் வெச்சு நடந்தா ஒண்ணும் ஆகாது, அடில ஷீட்டத் தாங்கற குறுக்குச் சட்டம், அதான் பர்லின், இருக்குது"ங்கறாரு. நானும் 1,450 ரூபா குடுத்து ஆன்லைன்ல ஒரு சேப்டி பெல்ட் வாங்கிட்டேன். எதுல கட்டறதுன்னு தெரியாம பீரோ மேல கெடக்குது. அண்ணனுக்கு அத மாட்டி ஏத்தலாமா? இல்ல 61 கிலோ இருக்கற நானே ஏறிடலாமா? வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மேட்டுக்காடு
24 செப்டம்பர் 2023, இரவு 10.15

தம்பி, ரொம்ப யோசிச்சா தறி ஓட்ட முடியாது. 30 வருசமா இதே கூரை மேலதான் நடக்கறோம். பலகை ஒண்ணு போட்டு அது மேல போகச் சொல்லுங்க. பாசி காஞ்சு கெடக்கற நேரமாப் பாத்து ஏறினா வழுக்காது. பெல்ட்டெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க போட்டோ புடிக்கறதுக்கு. எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே.


கூரைமேஸ்திரி, பரமத்தி பக்கம்
25 செப்டம்பர் 2023, காலை 6.05

மேட்டுக்காடு அண்ணா, கோவிச்சுக்காதீங்க. 2011 வரைக்கும் நானும் இதே பேச்சுத்தான் பேசிட்டு இருந்தேன். அந்த வருசம் பங்குனியோட அந்தப் பேச்சு நின்னு போச்சு.

ஒரு கோழிப்பண்ணை. வேனலுக்குச் சூடு அண்டக்கூடாதுன்னு கூரை பூராவும் சுண்ணாம்பு அடிச்சிருந்தாங்க. வெள்ளை வேட்டி விரிச்சாப்ல இருந்துச்சு. ஓரமா ரெண்டு ஷீட்டு மாத்தற வேலை. நான் போல்ட் வரிசை மேலதான் நடந்தேன், சத்தியமா. ஆனா நடுவுல ஒரு ஷீட்டு சிமெண்ட்டு இல்லை, ஃபைபரு. அதுக்கும் மேல சுண்ணாம்பு பூசிட்டாங்க. அதுவும் அதே அலை அலையான ஷீட்டுதான், அது மேலயும் அதே போல்ட் வரிசைதான் போகுது. கால் வெச்சேன், 12 அடி கீழ எந்திரிச்சேன். எந்திரிச்சேன்னு சும்மா சொல்றேன், எந்திரிக்க எட்டு மாசம் ஆச்சு. ரெண்டு குதிகாலும், முதுகெலும்புல ஒரு கட்டையும். இன்னிக்கும் மாடிப்படி எறங்கறப்ப பக்கவாட்டுல திரும்பித்தான் எறங்குவேன்.

பாவுநூல் தம்பி, போல்ட் வரிசைக் கதைய விட்டுருங்க. பர்லினோட மேல்பக்கம் ரெண்டு மூணு அங்குல அகலம். ஒரு கைல தார் வாளி, இன்னொரு கைல சாக்கு, ஷீட்டு மேல அலை, சாய்வு வேற. கம்பி மேல நடக்கற வித்தைக்காரன் மாதிரி போகோணும். ஒரு தடுமாட்டம் வந்தா கால் தானா பக்கத்துக்குப் போகும், பக்கத்துல வெறும் ஷீட்டு. ஒரு பர்லினுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சுமார் நாலரை அடி இருக்குது. அதுல இருக்கறது 6 மில்லிமீட்டர் சிமெண்ட்டு. கூரையா நிக்கத்தான் அது செஞ்சது, ஆள் நிக்கறதுக்கு இல்லை.

தகரமா இருந்தா வளையும், முனகும், "எறங்குடா"ன்னு சொல்லும். சிமெண்ட் ஷீட்டு சொல்லாது. புதுசுல கொஞ்சம் தாங்கும், அதுதான் நம்மள ஏமாத்துது. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, பாசி புடிச்சு 27 வருசம் ஆன ஷீட்டு எந்த எடத்துல எவ்வளவு தாங்கும்னு போட்டவனுக்கே தெரியாது. போன வருசம் உங்க அண்ணனத் தாங்குச்சுங்கறது போன வருசத்துச் சேதி. 61 கிலோங்கறதும் கணக்கே இல்லை தம்பி. நடக்கறப்ப ஒரு குதிகால்ல எறங்கற எடை வேற.

சரி, என்னதான் பண்றது? ஏறாம எவ்வளவு முடியும்னு மொதல்ல பாருங்க. மத்தியானம் 12 மணிக்கு லைட்டெல்லாம் நிறுத்திட்டு உள்ள நின்னு அண்ணாந்து பாருங்க. ஊசி முனையாட்டம் வெளிச்சம் தெரியற எடமெல்லாம் ஓட்டை. தண்ணி சொட்டற எடத்துல ஓட்டை இருக்காது. அலையோட சாய்வுல ஓடி வந்து சொட்டும், ஓட்டை அதுக்கு மேல, முகட்டுப் பக்கமா இருக்கும். முக்காவாசி ஒழுக்கு விரிசல்ல இல்லைங்க, ஷீட்டப் பர்லினோட புடிக்கற கொக்கி போல்ட்டு, அதான் ஜே போல்ட்டு, அதுக்கு அடில வெச்ச தார் வாஷர் காஞ்சு உதுந்து போறதால. ஒரு தாள்ல கூரைய வரைஞ்சு, தறி நம்பர் போட்டு, ஓட்டைய ஒரு கலர்ல, ஃபைபர் ஷீட்ட இன்னொரு கலர்ல குறிங்க. ஃபைபர் எதுன்னு கீழ இருந்து பாத்தாத்தான் தெரியும். மேல போயிட்டா பாசியும் பஞ்சுத் தூசியும் சேந்து எல்லாம் ஒரே நெறம்.

நட்டு மேல்பக்கம் இருக்கறதால வாஷர் மாத்த மேல போயித்தான் ஆகோணும். அதுக்கு முன்னாடி ஷீட்டுக்கு அடில, ரெண்டு மூணு அடி எறக்கத்துல சாரம் கட்டி, சென்ட்ரிங் ஷீட்டோ (கான்கிரீட் போடறப்ப அடில குடுக்கற இரும்புத் தகடு) பலகையோ நெருக்கமாப் பரப்பிருங்க. ஷீட்டு ஒடைஞ்சாலும் ஆள் ரெண்டு அடில நிப்பான். சிராய்ப்போட போயிரும். வேலை செய்யற எடத்தவிட நாலாபக்கமும் பெருசா இருக்கோணும், ஆள் நேரா விழுவான்னு நெனைக்காதீங்க.

அப்புறம் மேல பலகை. மேட்டுக்காடு அண்ணன் சொன்ன "பலகை ஒண்ணு" இல்லைங்க. ஒண்ணு போட்டா, வேலை நகர்றப்ப பலகைய எடுக்க ஷீட்டு மேலதான் எறங்குவாங்க. ரெண்டு வேணும். ஒண்ணுல நின்னுட்டு இன்னொண்ண நகத்தோணும். 2 அடி அகலம், 10 அடி நீளம் இருந்தா மூணு பர்லின் மேல படுக்கும். குறுக்கால அடிக்கு ஒரு ரீப்பர், அதான் மெல்லிசான மரச்சட்டம், அடிச்சா கால் புடிக்கும். முகட்டுப் பக்கம் இரும்புக் கொக்கி போட்டு மாட்டுங்க, இல்லைன்னா பலகையே சறுக்கும். முகட்டு மேல ஒக்காராதீங்க, அதுவும் சிமெண்ட்டுதான்.

ரெண்டு குடோன் ஒட்டி இருந்தா நடுவுல தண்ணி வாய்க்கால் இருக்குமே, அதுல நடந்து போறது பழக்கம். வாய்க்கால் தாங்கும், ஆனா தடுக்கி விழுந்தா ரெண்டு பக்கமும் ஷீட்டு. அங்கயும் பக்கத்துக்கொரு பலகை போட்டுத்தான் போகோணும்.

பாசியக் கம்பி பிரஷ் வெச்சு வறட்டு வறட்டுன்னு தேய்க்காதீங்க. 1996 ஷீட்டுல கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்குது. தேய்ச்சாலும் கிரைண்டர்ல அறுத்தாலும் அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போயி ஒக்காந்துக்கும், வருசங்கழிச்சுத்தான் தெரியும். தண்ணி தெளிச்சு ஈரமா வெச்சுத்தான் கை வெக்கோணும். ஒடைஞ்ச துண்டத் தறிக்காரங்க மிதிக்கற வழியில போடாதீங்க.


துவாஸ் ரிட்டர்ன், அறந்தாங்கி
25 செப்டம்பர் 2023, மதியம் 1.30

மேஸ்திரி அண்ணே, கையக் குடுங்க. சாரமும் பலகையும் நீங்க சொல்லியாச்சு, நான் அந்தப் பெல்ட்டப் பத்தி மட்டும் சொல்றேன். சிங்கப்பூர்ல 9 வருஷம் இருந்தேன், அதுல கடைசி 4 வருஷம் சேப்டி சூப்பர்வைசர். துவாஸ் பக்கம் பழைய பேக்டரிக் கூரைங்க நிறைய.

பாவுநூல் தம்பி, பெல்ட் வாங்குன உடனே பாதுகாப்பு வந்துருச்சுன்னு நெனைக்கிறதுதான் ஆபத்து. கணக்குப் போட்டுப் பாருங்க. பெல்ட்டோட வர்ற கயிறு 1.8 மீட்டர். அதுல மடிச்சுத் தைச்ச ஒரு பொட்டலம் இருக்கும், விழுற வேகத்தத் தாங்கத் தையல் பிரிஞ்சு நீளும். அது 1.75 மீட்டர் வரைக்கும் நீளலாம். முதுகு வளையத்துலேருந்து பாதம் வரைக்கும் 1.5 மீட்டர். கீழ ஒரு மீட்டராவது மிச்சம் வேணும். கூட்டுனா 6 மீட்டர், 20 அடி. கால் மட்டத்துல கட்டுனா கட்டுன எடத்துக்குக் கீழ அவ்வளவு காலி இடம் இருக்கணும். உங்க ஓரம் 14 அடி. அதுல தறி நாலு நாலரை அடி உயரத்துக்கு நிக்குது. பெல்ட் இழுத்துப் பிடிக்கிறதுக்கு முன்னாடியே ஆள் தறி மேல கெடப்பாரு.

கயிறக் குட்டையாக்கிட்டா? தளத்து ஓரத்துல வேலை பாக்குறப்ப அது நல்ல வழி, ஓரத்துக்கே போகவிடாது. இங்க காலுக்கு அடியிலதானே ஓட்டை விழுது. அதனால கீழ சாரம் இல்லாம பெல்ட்ட மட்டும் நம்பி யாரையும் ஏத்தாதீங்க. சாரம் கட்டுனதுக்கு மேல பெல்ட்டும் போடுறதுன்னா கூரையத் தாங்குற நல்ல இரும்பு டிரஸ்ல (முக்கோணச் சட்டத்துல) கட்டுங்க. ஜே போல்ட்டு, தண்ணிக் குழாய், பழைய ஆங்கிள் துண்டு எதுலயும் கட்டக் கூடாது. இடுப்புல மட்டும் சுத்துற பெல்ட்டா இருந்தா தூக்கிப் போட்டுருங்க. தோள், தொடை ரெண்டும் சுத்தி வர்றதுதான் விழுற ஆளத் தாங்கும். ஐ.எஸ். 3521ங்கற இந்தியத் தர முத்திரை இருக்கான்னு பாருங்க.

14 அடிதானேன்னு ஒரு நெனப்பு வரும். 14 அடிலேருந்து விழுந்தா தரை தொட ஒரு செகண்டுகூட ஆகாது, தொடுற வேகம் மணிக்கு 33 கிலோமீட்டர். கத்த நேரம் இல்லாததுக்குக் காரணம் அதுதான்.

சிங்கப்பூர்ல 2013ல வந்த உயர வேலை விதிப்படி 3 மீட்டருக்கு மேல விழ வாய்ப்புள்ள வேலைன்னா பெர்மிட் எழுதாம ஏணியில கால் வைக்க முடியாது. முதல்ல எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சு, இது என்னடா கூரை ஏறப் பரீட்சை எழுதுற மாதிரின்னு. ஆனா அந்தத் தாள்ல ஒரு கட்டம் இருக்கும்: விழுந்தா எப்படி இறக்குவீங்க? பல பேரு அங்கதான் முழிப்போம். பெல்ட்டுல தொங்குற ஆளு மயங்கி அசையாமத் தொங்குனா ரத்தம் காலுக்கு இறங்கிரும். நிமிஷக் கணக்குல உசிருக்கு ஆபத்து. அதனால ஏணி, கயிறு, ரெண்டு ஆளு தயாரா இருந்தாத்தான் கையெழுத்து.

நம்ம நாட்டுலயும் விதி இல்லாம இல்ல. 1948 தொழிற்சாலைச் சட்டத்த ஒட்டி மாநிலங்களுக்கு மாதிரியாக் குடுத்த விதிகள்லயே இதே 3 மீட்டர் கணக்கு இருந்துச்சு. ஒடையுற கூரைல பலகை, ஏணி இல்லாம ஆள நடக்கவிடக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. உங்ககிட்ட ஆள் கம்மின்னா சட்டம் உங்க குடோனுக்கு வராமப் போகலாம். ஷீட்டுக்கு அது தெரியாது.

இன்னொண்ணு. விழுந்த ஆளத் தூக்கி ஒக்கார வச்சுத் தண்ணி குடுக்குறது, ஆட்டோல மடக்கிப் போடுறது, ரெண்டும் வேணாம். 108க்குப் போன் பண்ணிட்டுத் தலையையும் கழுத்தையும் அசையாமப் பிடிச்சுக்குங்க.


பாவுநூல்
25 செப்டம்பர் 2023, இரவு 9.10

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. அண்ணன்கிட்டச் சொன்னேன். "என்ன, என்னைய நம்பலையா?"ன்னு மூஞ்சி சுருங்கிப் போச்சு. சாரம் கட்டறதுன்னா தறி நிக்கோணும், கூலி போகும்னு வீட்லயும் பேச்சு. தறி மேல எப்படிங்க சாரம் கட்டறது? பாவு பூட்டியிருக்குது.


கூரைமேஸ்திரி
26 செப்டம்பர் 2023, காலை 5.50

எட்டுத் தறியையும் நிறுத்த வேண்டாம் தம்பி. ஒழுகற எடத்துக்குக் கீழ ரெண்டு தறி, பக்கத்துல ஒண்ணு, அவ்வளவுதான். தறிக்கு ரெண்டு பக்கமும் சந்துல பைப் நிறுத்தி மேல குறுக்குப் போட்டுக் கட்டலாம், தறி மேல கால் ஊனாது. பாவு மேல தார்ப்பாய் போத்திருங்க. மாசாந்திரக் கரண்ட் நிறுத்தற நாள் எப்பன்னு கேட்டு வெச்சுக்குங்க, அன்னிக்கு எப்படியும் தறி ஓடாது. பைப்ப வெளில இருந்து தூக்கிட்டு வர்றப்ப சர்வீஸ் ஒயரு எங்க போகுதுன்னு பாத்துக்குங்க, 20 அடி பைப்ப நிமித்தறவன் மேல பாக்கவே மாட்டான்.

அண்ணன் கோவத்துக்கு ஒரு வழி சொல்றேன். ஏத்த வேண்டாம்னு சொல்லாதீங்க. "கீழ இருந்து பாத்து ஒழுக்கு எங்கன்னு நீங்கதான் சொல்லோணும்"னு கூப்புடுங்க. 25 வருசம் மேல நடந்தவருக்கு அந்தக் கூரையோட அடிப்பக்கம் தெரிஞ்சிருக்காது.


பாவுநூல்
17 அக்டோபர் 2023, இரவு 8.30

வேலை நடந்துச்சுங்க, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.

போன வாரம் கரண்ட் நிறுத்தின அன்னிக்கு ஏழாந்தறிப் பக்கமும் மூணாந்தறிப் பக்கமும் சாரம் கட்டினோம். பைப்பு, சென்ட்ரிங் ஷீட்டு வாடகை, கட்டற ரெண்டு பேர் கூலி, பலகை, வாஷர், எல்லாஞ் சேத்து 9,600 ரூபா ஆச்சு. 800ல முடியற வேலைக்கான்னு அம்மா ரெண்டு நாள் பேசலை.

அண்ணனையே கூப்புட்டேன். சாரத்து மேல நின்னு மொதத் தடவையா அடிப்பக்கம் பாத்தாரு. ஷீட்டும் ஷீட்டும் சேர்ற எடத்துல காத்துக்குத் தூக்கக் கூடாதுன்னு எப்பவோ அவரே நாலஞ்சு போல்ட் போட்டிருக்காரு. அது பர்லின்ல புடிக்கலை, ரெண்டு பர்லினுக்கு நடுவுல ரெண்டு ஷீட்டையும் சேத்துத் தைச்ச போல்ட்டு. மேல இருந்து பாத்தா அதுவும் ஒரு வரிசைதான். "இது மேலதான் நான் மிதிச்சுப் போவேன்"னாரு. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. பீடி கேட்டாரு, பஞ்சுக்குப் பக்கத்துல வேண்டாம்னு வெளில போனோம்.

ஒழுக்கு மேஸ்திரி சொன்ன மாதிரியே சொட்டற எடத்துக்கு மூணு அடி மேல இருந்துச்சு, ஆறு போல்ட்ல வாஷர் பொடியாப் போயிருந்துச்சு. மேல ரெண்டு பலகை போட்டு, வயசுல சின்ன ஆள் ஒருத்தர் ஏறி மாத்தினாரு. அண்ணன் கீழ இருந்து குச்சில தட்டித் தட்டி எடம் காமிச்சாரு. கூலி அவருக்கும் அதே 800. நடுவுல ஒரு தடவ அந்தத் தம்பி செருப்ப எடுக்கத் திரும்பினப்ப முழங்கை பட்டு ஃபைபர் ஷீட்டுல கை அளவு துண்டு ஒடைஞ்சு சென்ட்ரிங் ஷீட்டு மேல விழுந்துச்சு. முழங்கைதான் பட்டுச்சுங்க.

இப்ப ஃபைபர் இருக்கற எடத்துக்கெல்லாம் கீழ பர்லின்ல செவப்புப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கேன். ஏணியச் சங்கிலி போட்டுப் பூட்டியாச்சு, சாவி அம்மாகிட்ட.

ஏழாந்தறி ஓடுது. மூணாந்தறி மேல வாஷர் எல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஆனா முந்தாநேத்து மழைக்கு மறுபடி ஈரம் தெரிஞ்சுது. முகட்டுக்குக் கிட்டக்க, ஷீட்டு மேல ஷீட்டு ஏறற எடம். ஏத்தம் ஒரு சாண் கூட இல்லாத மாதிரி கீழ இருந்து தெரியுது. மேஸ்திரிண்ணா, அதுக்கு என்ன பண்றதுங்க? அங்க சாரம் இன்னும் பிரிக்கலை.